சாய்ந்த படம் ஏன் மங்குகிறது?

திரையில் தெரியும் புகைப்படம் என்பது வரிசை வரிசையாக அடுக்கிய நிற எண்களின் கட்டம். அதன் ஒவ்வோர் அறையும் ஒரு பிக்சல். திரையும் அதேபோன்ற இன்னொரு கட்டம்தான். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியிருக்கும்வரை உலாவியின் வேலை எளிது. எண்ணை எடுத்து அப்படியே திரைக்கு அனுப்பிவிடலாம். படத்தை 5 பாகை சாய்த்ததும் அந்தப் பொருத்தம் குலைகிறது. திரைப் பிக்சல் ஒன்றின் நடுப்புள்ளிக்கு நேரே படத்தின் பிக்சல் எதுவும் சரியாக வந்து நிற்காது. நான்கு பிக்சல்களுக்கு இடையே எங்கோ ஓரிடம்தான் அங்கு வரும். அந்த இடத்துக்கான நிறம் படக்கோப்பில் இல்லை. உலாவி அதைக் கணக்கிட்டுத்தான் பெற வேண்டும்.

இக்கணக்கை இடைக்கணிப்பு என்பார்கள். மிக அருகிலுள்ள பிக்சலின் நிறத்தை அப்படியே எடுத்துக்கொள்வது முதல் முறை. வேகமானது, படமும் மங்காது. ஆனால் சாய்ந்த கோடுகளெல்லாம் படிக்கட்டாக உடையும். சுற்றியுள்ள 4 பிக்சல்களைத் தூரத்துக்கேற்பக் கலப்பது இரண்டாவது. இதில் படிக்கட்டு மறையும், கூர்மையும் சற்றுக் குறையும். வெள்ளைப் பின்னணியில் ஒரு பிக்சல் அகலமுள்ள கறுப்புக் கோடு இரு பிக்சல்களுக்கு நடுவே விழுந்தால், இரண்டும் சாம்பல் நிறமாகிவிடும். மூன்றாவது, 16 பிக்சல்களைக் கணக்கில் எடுக்கும் முப்படி முறை. ராபர்ட் கீஸ் 1981இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு அடிப்படை. கூர்மையை இது கூடுதலாகக் காக்கிறது. கணக்கும் அதற்கேற்ப நீள்கிறது.

ஆகவே 90 பாகையின் மடங்காக இல்லாத எந்தச் சுழற்சியிலும் சிறிதளவு மங்கலோ படிக்கட்டோ இருந்தே தீரும். அதற்கு உலாவியைக் குறை சொல்லக் கூடாது. பழைய உலாவிகளில் கண்ணை உறுத்திய மங்கலில் பெரும்பகுதி வேறு காரணங்களால் வந்தது, அது தவிர்க்கக்கூடியது. எந்த மங்கல் எதனால் வருகிறது என்று பிரித்தறிவதே இதில் முதல் வேலை.

வலைப்பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ். மொழியின் டிரான்ஸ்ஃபார்ம் பண்பு பரவுவதற்கு முன், படத்தைச் சுழற்ற இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் தனி வழி இருந்தது. அதன் 5.5ஆம் பதிப்பு முதல் கிடைத்த மேட்ரிக்ஸ் வடிகட்டி, கோணத்தின் சைன், கோசைன் மதிப்புகளை நான்கு எண்களாகக் கேட்டது. அருகிலுள்ள பிக்சலா, நான்கின் கலவையா என்பதையும் அதில் குறிப்பிட முடிந்தது. விளிம்பு படிக்கட்டாகத் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியிருந்தது இந்தத் தேர்வைத்தான். வடிகட்டி பட்ட பகுதியில் எழுத்துகளை மென்மையாக்கும் கிளியர்டைப் வசதி நின்றுபோனதால், படத்தோடு தலைப்பையும் சேர்த்துச் சுழற்றினால் எழுத்து உடைந்து தெரிந்தது. தலைப்பை வடிகட்டிக்கு வெளியே வைப்பதே நல்லதாக இருந்தது.

வேறொரு சிக்கலும் இருந்தது. இந்த வடிகட்டி படத்தை அதன் நடுப்புள்ளியைச் சுற்றித் திருப்பவில்லை. தானாக விரியும்படி அமைத்தால், திரும்பிய படத்துக்கேற்பப் பெட்டி விரிந்தது, ஆனால் அதன் இடது மேல் மூலை இருந்த இடத்திலேயே நின்றது. 100 பிக்சல் சதுரத்தை 45 பாகை திருப்பினால் பெட்டியின் அகலம் ஏறத்தாழ 141.4 பிக்சல் ஆகும். படம் பழைய நடுவிலேயே நிற்க, பெட்டியை இடப்பக்கமும் மேற்பக்கமும் 20.7 பிக்சல் நகர்த்த வேண்டியிருந்தது. இதை முழு எண்ணாக்கி 21 என்று எழுதிவிடுவது பாதுகாப்பாக இருந்தது. வெறும் 90, 180, 270 பாகைதான் தேவையென்றால் மேட்ரிக்ஸை விட்டுவிட்டு, பேசிக்இமேஜ் வடிகட்டியில் 1, 2, 3 என்று குறிப்பிட்டாலே போதுமானதாக இருந்தது.

டிரான்ஸ்ஃபார்ம் பண்பு சஃபாரி 3.1 (2008), ஃபயர்ஃபாக்ஸ் 3.5 (2009), இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 9 (2011) என ஒவ்வோர் உலாவியாக வந்துசேர்ந்தது. தொடக்கத்தில் ஒவ்வொன்றும் தன் முன்னொட்டைச் சேர்த்தே அதை ஏற்றது. எக்ஸ்ப்ளோரர் 9 பழைய வடிகட்டியையும் புதிய பண்பையும் ஒருங்கே ஏற்றதால், இரண்டும் எழுதப்பட்ட பக்கத்தில் படம் இருமுறை திரும்பியது. வடிகட்டியை 8ஆம் பதிப்புக்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் மட்டும் நிபந்தனைக் குறிப்புக்குள் வைத்துத் தருவது இதற்குத் தீர்வாக இருந்தது.

இனி அரைப் பிக்சல் சிக்கல். மிகச் சிறியதாகத் தோன்றினாலும், தேவையற்ற மங்கலைத் தருவதில் இதற்குப் பெரும் பங்குண்டு. 301 பிக்சல் அகலமும் 200 பிக்சல் உயரமும் உள்ள படத்தை 90 பாகை திருப்புவதாகக் கொள்வோம். கணக்குப்படி இதில் இழப்பே இருக்கக் கூடாது. பிக்சல்கள் இடம் மட்டுமே மாறுகின்றன. ஆனால் சுழல்மையத்தைச் சொல்லாமல் விட்டால் டிரான்ஸ்ஃபார்ம் படத்தின் நடுப்புள்ளியைச் சுற்றியே திருப்பும். அந்தப் புள்ளி இடமிருந்து 150.5, மேலிருந்து 100. திரும்பிய படத்தின் அகலம் 200 என்பதால், அது 50.5இல் தொடங்கி 250.5இல் முடிகிறது. மேலும் கீழும் இதே அரைப் பிக்சல் விலகல்தான். திரையின் ஒவ்வொரு பிக்சலும் இப்போது நான்கு பிக்சல்களின் சராசரி. படம் முழுவதும் ஒரே சீராகக் கலங்கித் தெரியும்.

படத்தின் அகலமும் உயரமும் இரண்டும் இரட்டைப்படையாகவோ இரண்டும் ஒற்றைப்படையாகவோ இருந்தால் இது நேராது. ஒரு பிக்சல் வரிசையை வெட்டி 300க்கு 200 ஆக்கினாலே போதும். வெட்ட முடியாத இடத்தில் சுழல்மையத்தை இடது மேல் மூலைக்கு மாற்றிவிட்டு, திரும்பிய படத்தை முழு எண் அளவில் நகர்த்தி உரிய இடத்துக்குக் கொண்டுவரலாம். சதவீதத்தில் அகலம் கொடுத்து அமைத்த பக்கங்களில் படத்தின் இடமே பின்னத்தில் அமையக்கூடும் என்பதையும் கவனிக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் சுழற்சிக்கான மேட்ரிக்ஸ் எண்களைக் கணக்கிடும்போது இன்னொன்று: 90 பாகையின் கோசைன் அங்கே சுழியமாக வராமல் 6.123×10⁻¹⁷ என்று வரும். சரியான செங்கோணம் இல்லை என்று உலாவி முடிவுசெய்ய இந்தத் துளி போதும். கணக்கிட்ட எண்ணை விட்டுவிட்டு 90 பாகை என்று நேராக எழுதுவது மேல்.

வெப்கிட் வழிவந்த உலாவிகளில், அதாவது பழைய சஃபாரியிலும் குரோமிலும், விளிம்புப் பிசிறு பெரிய தலைவலியாக இருந்தது. படத்தின் உட்பகுதி நன்றாக இருக்க, நான்கு ஓரங்களும் ரம்பம்போல் தெரிந்தன. பேக்ஃபேஸ்-விசிபிலிட்டி பண்புக்கு ஹிட்டன் என்ற மதிப்பைக் கொடுத்தால் இது சரியானது. கொடுத்ததும் உலாவி அந்தப் படத்தைத் தனி அடுக்காகப் பிரித்து வரைகலைச் செயலியிடம் ஒப்படைக்கிறது. அங்கே ஓரம் மென்மையாக்கப்படுகிறது. இதே மருந்துதான் சில இடங்களில் நோயுமாகிறது. தனி அடுக்கானது முதலில் நேராக வரையப்பட்டு, பிறகு ஒரு படமாகவே சுழற்றப்படுகிறது. அதற்குள் எழுத்தோ மெல்லிய கோடோ இருந்தால் அவையும் கலங்கும். விளிம்பு பிசிறினால் இந்தப் பண்பைச் சேர்க்க வேண்டும். உள்ளே மங்கினால், இதுவோ முப்பரிமாண நகர்வோ ஏற்கெனவே எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடி நீக்க வேண்டும்.

ஃபயர்ஃபாக்ஸில் 1 பிக்சல் அகலத்தில் நிறமற்ற அவுட்லைன் கொடுப்பது நெடுங்காலம் வழக்கத்தில் இருந்தது. படத்தின் உண்மையான ஓரத்துக்கு வெளியே ஒரு காலி வரிசை கிடைத்தால், ஓரப் பிக்சல்கள் அதனோடு கலந்து படிப்படியாக மறையும். இதே தத்துவத்தைப் படத்துக்குள்ளேயே வைத்துவிடலாம். பி.என்.ஜி. கோப்பைச் சுற்றி ஒரு பிக்சல் அகல ஒளிபுகும் ஓரத்தைச் சேர்த்துவிட்டால், உலாவிக்கு உலாவி மாறும் உத்திகளைத் தேட வேண்டியதில்லை.

ஜாவாஸ்கிரிப்டால் வரையும் கேன்வாஸ் பரப்பில் படம் சுழற்றுவோர் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒவ்வொரு முறையும் மூலப் படத்திலிருந்தே தொடங்க வேண்டும். ஏற்கெனவே திரும்பிய பரப்பை எடுத்து மறுபடி திருப்பினால், முந்தைய இழப்பின் மேல் புதிய இழப்பு சேர்ந்து, பத்தாவது முறைக்குள் படம் பனிமூட்டமாகிவிடும். டிரான்ஸ்ஃபார்மில் இந்தக் கவலை இல்லை. அது எப்போதும் மூலத்திலிருந்தே கணக்கிடுகிறது.

கைப்பேசியில் எடுத்த புகைப்படங்களுக்குத் தனி வரலாறு உண்டு. கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் கோப்பில் படம் கிடைமட்டமாகவே சேமிக்கப்படுவது வழக்கம். எப்படித் திருப்பிக் காட்ட வேண்டும் என்பதை கோப்போடு சேர்ந்துவரும் எக்ஸிஃப் குறிப்பில் 1 முதல் 8 வரையுள்ள ஓர் எண் சொல்லும். பழைய உலாவிகள் பக்கத்தில் பதித்த படங்களுக்கு அந்த எண்ணைப் பொருட்படுத்தாததால், பக்கத்தை அமைத்தவர்கள் டிரான்ஸ்ஃபார்மால் திருப்பினார்கள், அரைப் பிக்சல் மங்கலும் உடன் வந்தது. 2020இல் குரோம் 81, ஃபயர்ஃபாக்ஸ் 77 ஆகியவை அந்த எண்ணைத் தாமாகவே பின்பற்றத் தொடங்கின. அதனால் பழைய திருத்தம் உள்ள பக்கங்களில் படம் இருமுறை திரும்பியது. இரு தலைமுறை உலாவிகளிலும் சரியாகத் தெரிய வேண்டுமானால் கோப்பையே திருப்பிவிட வேண்டும். ஜேபெக்டிரான் என்ற கருவி, படத்தை விரித்து மறுபடி சுருக்காமல், சுருக்கிய தொகுதிகளையே இடம்மாற்றி 90 பாகை திருப்புகிறது. அகலமும் உயரமும் 16இன் மடங்காக இருந்தால் ஓரத்திலும் ஒரு பிக்சல்கூடக் கெடாது. திருப்பிய பின் எக்ஸிஃப் எண்ணை 1 ஆக மாற்றிவிட வேண்டும்.