மூன்று நிரை எண் கட்டங்களும் பாக்ஸ்டர் எண்களும்

மூன்று நிரைகளும் மூன்று நிரல்களும் கொண்ட ஒரு கட்டத்தில் 1 முதல் 9 வரையிலான எண்கள் ஒவ்வொன்றும் ஒருமுறை இடம்பெற வேண்டும். நிரைகளில் இடமிருந்து வலமாகவும் நிரல்களில் மேலிருந்து கீழாகவும் எண்கள் ஏறுவரிசையில் அமைய வேண்டும். யங் அட்டவணை என வழங்கும் இத்தகைய கட்டங்களின் எண்ணிக்கையை, ஃபிரேம், ராபின்சன், திரால் ஆகிய மூவர் 1954இல் நிறுவிய கொக்கி நீள வாய்பாடு தருகிறது. ஓர் அறை, அதன் வலப்புற அறைகள், கீழுள்ள அறைகள் ஆகியவற்றின் மொத்தமே அவ்வறையின் கொக்கி நீளம். ஒன்பது கொக்கி நீளங்களின் பெருக்கம் 8640. 9! ஆகிய 362880ஐ இதனால் வகுக்க 42 கிடைக்கிறது.

இவ்வரிசை விதியுடன் ஓர் அண்மை விதியையும் சேர்த்தால் நிலை மாறுகிறது. ஒரே நிரையில் அடுத்தடுத்த அறைகளில் அடுத்தடுத்த எண்கள் வரலாகா என்பதே அவ்விதி. நிரைகள் ஏறுவரிசையில் இருப்பதால், ஒரே நிரையில் உள்ள 4, 5 போன்ற எண்கள் அருகருகேதான் அமைய முடியும். ஆகவே, அடுத்தடுத்த இரு எண்கள் ஒரே நிரையில் இருத்தல் ஆகாது என்று விதியைச் சுருக்கிக் கூறலாம்.

இரண்டு நிரைகள் மட்டுமே இருப்பின் இவ்விதி மிகக் கடுமையானது. வரிசை விதி மட்டும் உள்ளபோது கட்டலான் எண்களான 1, 2, 5, 14 என வளரும் எண்ணிக்கை, இப்போது எப்போதும் 1 ஆகிறது: ஒற்றை எண்கள் மேல் நிரையிலும் இரட்டை எண்கள் கீழ் நிரையிலும் அமைவதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்று நிரைகளில்தான் சுவையான நிலை தோன்றுகிறது. இரு நிரல்கள் இருப்பின் ஐந்து அட்டவணைகளுள் இரண்டே எஞ்சும். ஒன்றன் நிரைகள் (1, 4), (2, 5), (3, 6). மற்றதன் நிரைகள் (1, 3), (2, 5), (4, 6). மூன்று நிரல்களில் 42இல் 6, நான்கு நிரல்களில் 462இல் 22 எஞ்சுகின்றன. 1, 2, 6, 22 என்பவை பாக்ஸ்டர் எண்கள். பரிமாற்று இயல்புடைய சார்புகளின் நிலைப்புள்ளிகளை ஆராய்ந்த கிளென் பாக்ஸ்டரின் 1964ஆம் ஆண்டுக் கட்டுரையில் இவற்றின் வேர் உள்ளது. எண் கட்டங்களோடு அவ்வாய்வுக்கு வெளிப்படையான உறவு எதுவுமில்லை. டுலுக், கிபேர் ஆகியோர் 1996இல் இவ்வுறவை நிறுவினர்.

கொக்கி நீள வாய்பாடு போல ஒரே பெருக்கமாக அமையும் எளிமை இங்கில்லை. பாக்ஸ்டர் எண்களுக்கு 1978இல் சுங், கிரஹாம், ஹோகட், கிளெய்மன் ஆகியோர் தந்த வாய்பாடு ஒரு கூட்டுத்தொகை. n = 3 எனில், 4இலிருந்து தேர்வு செய்யும் சேர்வுகளின் எண்ணிக்கைகள் 1, 4, 6, 4, 1. தொடர்ச்சியான மும்மூன்றைப் பெருக்கினால் 24, 96, 24; இவற்றை 4 × 6 = 24ஆல் வகுக்க 1, 4, 1; கூட்டினால் 6. n = 4 எனில் உறுப்புகள் 1, 10, 10, 1.

இவ்வுறுப்புகளுக்கும் பொருளுண்டு. ஒரு வரிசைமாற்றத்தில் எத்தனை இடங்களில் எண் இறங்குகிறது என்பதைக் கொண்டு பாக்ஸ்டர் வரிசைமாற்றங்களை அவை பிரிக்கின்றன. நான்கு எண்களின் 24 வரிசைமாற்றங்களை இறக்கங்களின்படி பிரித்தால் 1, 11, 11, 1 வரும். ஓர் இறக்கமுடைய 2413, இரு இறக்கமுடைய 3142 ஆகிய இரண்டும் பாக்ஸ்டர் வகையில் சேரா. 11 என்பது 10 ஆவது அதனாலேயே.