கோவிலிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட குழல்கள்

ஜேர்மனியின் சாக்சனிப் பிரதேசத்து மலைச்சாரலில் ஃபோர்ஹைம் என்னும் சிற்றூர் உண்டு. அங்குள்ள லூத்தரன் ஆலயம் 1726இல் கட்டி முடிக்கப்பட்டது. அதனை எழுப்பியவர் ஜோர்ஜ் பேர், ஏழை நெசவாளரின் மகன். தச்சுத் தொழில் பயின்று கட்டடக் கலைஞரானவர். அதே ஆண்டில் அவ்வாலயத்துக்கு ஓர்கன் செய்து கொடுத்தவர் கோட்ஃபிரீட் சில்பர்மன். அவர் பிறந்ததோ தச்சரின் இல்லத்தில். நம் ஆண்டவரும் தச்சரின் மகன் என்று அழைக்கப்பட்டவரல்லவா!

நம் கிராமத்து ஆலயங்களில் ஆர்மோனியத்தையே அறிவோம். அதில் துருத்தியின் காற்று சிறு உலோக நாக்குகளை அதிரச் செய்கின்றது. குழல் ஓர்கனிலோ, பெருந்துருத்திகளின் காற்று ஒரு மரப்பேழையில் தேங்கி நிற்கும். விசையை அழுத்தியதும் அதற்குரிய குழலினுள் பாய்ந்து ஒலிக்கும். விரலளவான குழலும் உண்டு, ஆளுயரத்தை மிஞ்சியதும் உண்டு. அக்காலத்தில் மின்விசை ஏது? ஒருவர் வாசிக்க, இன்னொருவர் பின்னால் நின்று துருத்தியை மிதித்துக்கொண்டிருப்பார். அவரை எவரும் காண்பதில்லை. அவர் நின்றுவிட்டால் இசையும் நின்றுவிடும். ஃபோர்ஹைம் ஓர்கனுக்கு இரண்டு விசைப்பலகைகளும் இருபது குழல் வரிசைகளும் உள்ளன.

இவ்விருவரும் பின்னர் தலைநகரான டிரெஸ்டனிலும் ஒன்றாகப் பணியாற்றினர். பேர் அங்கே அன்னை மரியாளின் பெயர் தாங்கிய, பெருங்குவிமாடம் கொண்ட லூத்தரன் ஆலயத்தை வரைந்தார்; சில்பர்மன் அதற்கு 1736இல் ஓர்கன் அமைத்தார். புகழ்பெற்ற பாக் அதே ஆண்டு டிசம்பரில் அதனை வாசித்தார்.

சாக்சனி மக்கள் லூத்தரன் சபையினர். அரச குடும்பமோ 1697 முதல் கத்தோலிக்க மறையைத் தழுவியிருந்தது. அரசர் கட்டிய கத்தோலிக்க ஆலயத்துக்கும் ஓர்கன் தேவைப்பட்டபோது, லூத்தரனான சில்பர்மனையே நாடினர். முதிய வயதில் அவர் அதை ஏற்றார். ஏறக்குறைய மூவாயிரம் குழல்கள். வேலை முடியுமுன் 1753இல் இறைவனடி சேர்ந்தார். அவருடைய மாணவர் ஹில்டெபிராண்ட் 1755இல் நிறைவு செய்தார். தம் சபை சாராத ஆலயத்துக்கென்று அக்கைகள் குறைவாக உழைக்கவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் நெருங்கி வந்த 1944இல், கத்தோலிக்க ஆலயத்து ஓர்கனின் குழல்களைக் கழற்றி, சிஸ்டர்சியன் கன்னியர் வாழ்ந்த புனித மரியன்ஸ்டேர்ன் மடத்தில் மறைத்து வைத்தனர். 1945 பெப்ரவரி 13ஆம் நாள் இரவு குண்டுகள் விழுந்தன. கத்தோலிக்க ஆலயம் எரிந்து சிதைந்தது. இரண்டு நாள்களில் அன்னை மரியாள் ஆலயத்துக் குவிமாடமும் சரிந்தது. பாக் வாசித்த ஓர்கன் அத்துடன் அழிந்தது.

எதை எடுப்பது, எதை விடுவது என்னும் அந்த அவசரத்தை வன்னியில் வாழ்ந்த குடும்பங்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1670இல், சீர்திருத்த சபையினரான ஒல்லாந்தரின் துன்புறுத்தலுக்கு அஞ்சி, மாந்தையின் கத்தோலிக்கர் அன்னையின் திருச்சொரூபத்தோடு காட்டுக்குள் புகுந்ததாலேயே மருதமடு நமக்குக் கிடைத்தது. 2008 ஏப்ரலில், எறிகணைகள் மடுவைச் சூழ்ந்தபோது, குருவானவர்கள் அதே சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டு சென்றனர். ஆவணியில் அன்னை மடுவுக்குத் திரும்பினார். திரும்பி வராத மக்களோ பலர்.

நம்மைத் துரத்தியவர்களும் கிறிஸ்தவர்களே என்பது கசப்பான உண்மை. அதனால்தானோ, ஒரு லூத்தரன் தச்சரின் மகன் செய்த குழல்களைக் கத்தோலிக்கக் கன்னியரின் மடம் காத்த செய்தி மனதை இவ்வளவு தொடுகின்றது!

மறைத்து வைத்த குழல்கள் 1971இல் மீண்டும் தம் ஆலயத்தில் ஒலித்தன. அன்னை மரியாள் ஆலயம் 2005இல் மறுபடி எழுந்தது. அதிலுள்ள ஓர்கன் புதியது. ஃபோர்ஹைம் ஓர்கனோ, 1726இல் வைத்த அதே கிராமத்து ஆலயத்தில் இன்றும் நிற்கின்றது.