வீட்டில் அரைத்த மாவில் ரை ரொட்டி

ரை ரொட்டி என்பது ரை என்னும் தானியத்தின் மாவைப் புளிக்க வைத்துச் சுடப்படும் ரொட்டி ஆகும். ரை, கோதுமைக்கு நெருங்கிய உறவுடைய புல்லினப் பயிர். பெயரொலியைக் கொண்டு இதை ராகி என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டும் வேறு வேறு. கடுங்குளிரையும் வளம் குன்றிய மண்ணையும் தாங்கி வளர்வதால் ரஷ்யா, போலந்து, ஜெர்மனி, பின்லாந்து ஆகிய நாடுகளில் நெடுங்காலமாக அன்றாட உணவாக உள்ளது. பின்லாந்து விடுதலை பெற்ற நூறாம் ஆண்டான 2017ஐ முன்னிட்டு நடந்த வாக்கெடுப்பில், ரை ரொட்டியே அந்நாட்டின் தேசிய உணவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

புளிப்பு ஏன் தேவை?

கோதுமை ரொட்டி செய்து பழகியவர்கள் முதன்முதலில் ரை ரொட்டி சுட்டால் பெரும்பாலும் உள்ளே பசை போன்ற ஒன்றே கிடைக்கும். கோதுமையில் குளுட்டன் வலைபோல் விரிந்து காற்றைப் பிடித்து வைக்கிறது. ரையில் அத்தகைய வலை உருவாவதில்லை. நீரை மிகுதியாக உறிஞ்சும் ஒருவகை நார்ப்பொருளும் மாவுச்சத்துமே ரொட்டிக்கு உருவம் தருகின்றன. இங்கேதான் சிக்கல். ரையில் அமைலேசு என்னும் நொதி அதிகம். அடுப்பில் மாவுச்சத்து வெந்து இளகும் வெப்பநிலையிலும் இந்நொதி அழியாமல் செயல்பட்டு, மாவுச்சத்தைச் சர்க்கரையாகச் சிதைத்துவிடுகிறது. மாவில் அமிலம் இருந்தால் நொதியின் வேகம் அடங்கும். ஆகவே ரை ரொட்டியில் புளிப்பு என்பது சுவைக்காக மட்டும் சேர்ப்பதன்று. இட்லி மாவைப் போலவே இதிலும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களே புளிப்பை உண்டாக்குகின்றன. ஈஸ்ட் மட்டும் போட்டு அவசரமாகச் சுட்டால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

அரைக்கும் முன்

வீட்டில் அரைக்கும்போது தவிடும் முளையும் மாவிலேயே தங்கிவிடுகின்றன. மணம் சிறப்பாக இருக்கும். ஆனால் முளையிலுள்ள எண்ணெய் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும் என்பதால், தேவைக்கு மட்டும் அரைப்பதே நல்லது.

தானியத்தைக் கட்டாயம் தட்டில் பரப்பிப் பார்க்க வேண்டும். எர்காட் என்னும் பூஞ்சை ரைக் கதிரைத் தாக்கினால், மணி இருக்க வேண்டிய இடத்தில் கருஞ்செந்நீல நிறத்தில் கொம்பு போன்ற நீண்ட கட்டி உருவாகும். இது நஞ்சு. இடைக்கால ஐரோப்பாவில் இத்தகைய ரொட்டியை உண்டவர்களுக்குக் கைகால்கள் எரிந்து அழுகும் நோய் வந்தது. அதைப் 'புனித அந்தோணியாரின் நெருப்பு' என்று அழைத்தனர். அடுப்பின் வெப்பம் இந்நஞ்சை முழுமையாக நீக்காது. முழுத் தானியத்தில் கண்ணுக்குத் தெரியும் இக்கட்டி, அரைத்துவிட்டால் தெரியாது. எனவே உணவுக்கெனத் தூய்மை செய்து விற்கப்படும் தானியத்தையே வாங்க வேண்டும். விதைப்புக்கான தானியம் கூடாது.

செய்முறை

முதலில் தாய்மாவு வேண்டும். 50 கிராம் ரை மாவில் 50 மில்லி நீர் கலந்து மூடி வைத்து, நாள்தோறும் பாதியை எடுத்துவிட்டுப் புது மாவும் நீரும் சேர்த்து வந்தால், ஏறக்குறைய ஒரு வாரத்தில் நுரைத்துப் புளிப்பு மணம் வரும்.

சுடுவதற்கு முந்தைய மாலை, 50 கிராம் தாய்மாவுடன் 200 கிராம் மாவும் 200 மில்லி வெதுவெதுப்பான நீரும் கலந்து 12 முதல் 16 மணி நேரம் புளிக்க விட வேண்டும். மறுநாள் அதில் 50 கிராமை அடுத்த முறைக்காக எடுத்து வைக்கவும். பலர் மறப்பது இதைத்தான். மீதியில் 300 கிராம் மாவு, 200 மில்லி நீர், 10 கிராம் உப்பு சேர்த்துக் கரண்டியால் கலந்தால் போதும். கலவை களி போல ஒட்டும். அதற்காக மேலும் மாவு சேர்க்கக் கூடாது. எண்ணெய் தடவிய அச்சில் இட்டு, ஈரக் கையால் மேற்பரப்பைச் சமன் செய்து மாவு தூவவும். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் மேலே வெடிப்புகளும் ஊசித் துளைகளும் தோன்றும். அப்போது 240 பாகை செல்சியசில் 15 நிமிடமும், பின்பு 190 பாகையில் ஏறத்தாழ 45 நிமிடமும் சுட வேண்டும்.

சூடாக வெட்டினால் கத்தியில் பசையாக ஒட்டும். துணியில் சுற்றி ஒரு நாள் வைத்தால் உட்பகுதி இறுகிவிடும். மேற்குப் பின்லாந்தில் நடுவில் துளையிட்ட தட்டை ரொட்டிகளை ஆண்டுக்குச் சில முறை மட்டுமே சுட்டு, கழியில் கோத்துக் கூரையடியில் உலர வைத்தனர். கிழக்கிலோ வாரந்தோறும் சுட்டு மென்மையாக உண்டனர். மாவு கலக்கும் மரத்தொட்டியை அவர்கள் கழுவுவதில்லை. அதில் ஒட்டியிருக்கும் மாவே அடுத்த முறைக்குத் தாய்மாவு.