ஒரு நாவல், இரு கட்சி

குமரி மாவட்டத்தில் பிறந்த எழுத்தாளர் ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ நாவல் 1997-இல் வெளிவந்தது. கதைக்களம் சோனா நதிக்கரையில் ஒரு கற்பனை நகரம். அதன் நடுவே மாபெரும் பள்ளிகொண்ட விஷ்ணு சிலை. குமரிக்காரர்களுக்குத் திருவட்டாறு கோயிலில் பள்ளிகொண்ட ஆதிகேசவப் பெருமாள் நினைவுக்கு வராமல் இருக்காது.

ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என மூன்று பாகம் கொண்ட இந்த மிகுபுனைவு நாவல் வந்த நாள்தொட்டே வாசகர்கள் இரு கட்சி. மதப் பெருமை பாடும் நூல் என்றனர் சிலர். மத அதிகாரத்தையே கேள்வி கேட்கும் நூல் என்றனர் வேறு சிலர். தத்துவ விவாதங்கள்தாம் நாவலின் உயிர் என்பார் ஒருவர். அந்தப் பக்கங்களைத் தாண்டவே முடியவில்லை என்பார் மற்றொருவர்.

2014 முதல் 2020 வரை ஜெயமோகன் நாள்தோறும் எழுதிய, மகாபாரதத்தை மறுஆக்கம் செய்யும் 26 நாவல் வரிசையான ‘வெண்முரசு’க்கும் இதே கதைதான். அதன் தனித்தமிழ் நடை சிலருக்கு விருந்து. சிலருக்கோ அகராதி தேட வைக்கும் வேலை.

யார் சொல்வது சரி? அடுத்தவர் தீர்ப்பை நம்பாதீர்கள். நூலகத்தில் எடுத்துப் படித்துவிட்டு, நீங்களே ஒரு கட்சியில் சேருங்கள்!