வரி கட்டாதவர் யார்?



"இந்நாட்டில் வரி கட்டுவோர் நூற்றுக்குச் சிலரே, ஏனையோர் அவர்கள் தயவில் வாழ்கின்றனர்" என்னும் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். காவேரிப்பட்டினத்துத் தேநீர்க் கடைகளிலும், ஓசூர் செல்லும் பேருந்துகளிலும், ஏன், கற்றோர் கூடும் சபைகளிலுங்கூட இது மறுக்கவொண்ணா உண்மைபோலப் பேசப்படுகிறது. வருமான வரி ஒன்றையே வரி எனக் கொண்டால் அப்பேச்சில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் வரி அந்த ஒன்றோடு முடிந்துவிடுகிறதா? சற்றே நிதானமாகச் சிந்திப்போம்.

சோப்புக் கட்டியிலும் வரி

நம் வட்டாரத்து மாங்கூழ் ஆலைகளை அறியாதார் இலர். பெங்களூரா மாம்பழம் வந்து குவியும் கோடைக்கால மாதங்களில் மட்டுமே அவற்றில் வேலை மும்முரமாக இருக்கும். பழம் கழுவவும், தரம் பிரிக்கவும், சுமை தூக்கவும் நாட்கூலிக்குச் செல்வோர் பலர். அத்தகைய ஒரு குடும்பத்தின் மாத வருமானம் 15,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். அக்குடும்பம் வருமான வரி செலுத்துவதில்லை. 2025-26 முதல் புதிய வரி முறையில் ஆண்டுக்கு 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்க்கே வருமான வரி இல்லை எனும்போது, கூலித் தொழிலாளிக்கு அது ஏது?

ஆயினும் அவ்வீட்டார் கைப்பேசிக்கு 299 ரூபாய் ரீசார்ஜ் செய்தால், அதில் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. அடங்கியுள்ளது. ஏறத்தாழ 45 ரூபாய் 60 காசு அரசுக்குச் செல்கிறது. மாதம் 15 லட்சம் ஈட்டும் செல்வரும் அதே ரீசார்ஜுக்கு அதே தொகையையே செலுத்துகிறார். கணக்கைப் பாருங்கள்! தொழிலாளியின் வருமானத்தில் ஆயிரம் ரூபாய்க்கு 3 ரூபாய் இவ்வொரு செலவால் மட்டும் வரியாகப் போகிறது. செல்வரின் வருமானத்தில் ஆயிரத்திற்கு 3 காசுதான் போகிறது. வரி விகிதம் ஒன்றே. சுமையோ நூறு மடங்கு வேறு!

2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பற்பசை ஆகியவற்றின் வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது. இது வரவேற்கத்தக்கதே. எனினும் பெட்ரோலும் டீசலும் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை. அவற்றின் மீது மத்திய கலால் வரியும் மாநில மதிப்புக்கூட்டு வரியும் தனித்தனியே விழுகின்றன. அந்தச் சுமை லாரி வாடகையில் ஏறி, காய்கறி விலையில் இறங்குகிறது.

ஏழை தன் வருமானம் முழுவதையும் செலவிட்டே வாழ்கிறான். ஆதலின் அதில் பெரும்பகுதியை ஏதேனும் ஒரு வரி தொட்டுவிடுகிறது. செல்வர் வருமானத்தில் பெரும்பகுதியைச் சேமிக்கிறார். செலவுக்கான வரி அதைத் தொடுவதில்லை. ஆகவே, தமிழக அரசு 2021இல் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பேருந்தையோ, 2023இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையையோ "இலவசம்" என்று இகழ்வோர் ஒன்றை மறக்கலாகாது: அந்நிதியில் அப்பெண்களின் பணமும் உண்டு.

செல்வத்தின் மீதான வரிகள் என்னவாயின?

2024இல் தாமஸ் பிக்கெட்டி உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் உலகச் சமத்துவமின்மை ஆய்வகத்தின் சார்பில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 2022-23இல் இந்தியாவின் மொத்தச் செல்வத்தில் 40.1 விழுக்காடு, மேல்தட்டிலுள்ள ஒரு விழுக்காட்டினர் கையில் இருந்தது. அடித்தட்டிலுள்ள பாதி மக்களுக்கு எஞ்சியது 6.4 விழுக்காடு மட்டுமே என்று அவ்வாய்வு கணித்தது.

இத்தகைய குவிப்பைத் தடுக்க நம் நாட்டில் ஏற்பாடுகள் இல்லாமலில்லை. இறந்தவர் விட்டுச் சென்ற பெருஞ்சொத்தின் மீது 1953 முதல் தீர்வை விதிக்கப்பட்டது; 1985இல் அது நீக்கப்பட்டது. 1957இல் செல்வ வரி வந்தது. (வீட்டுக்குப் பேரூராட்சி வாங்கும் சொத்து வரி வேறு, இது வேறு.) பிற்காலத்தில் நகை, கார், நகர்ப்புற நிலம் போன்றவற்றின் மதிப்பு 30 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு ஒரு விழுக்காடு என அது வசூலிக்கப்பட்டது. 2013-14இல் நாடு முழுதும் கிடைத்தது 1,008 கோடி ரூபாய்தான். வசூலோ சிறிது, அலுவலோ பெரிது என்று கூறி 2015 வரவுசெலவுத் திட்டத்தில் அதையும் ஒழித்தார்கள். அதற்கு ஈடாக, ஆண்டு வருமானம் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மீது 2 விழுக்காடு கூடுதல் சர்சார்ஜ் விதித்தார்கள். ஆனால் அது வருமானத்தின் மீதானது. குவிந்து கிடக்கும் செல்வத்தை அது தொடாது.

மறுபுறத்தையும் சொல்லத்தான் வேண்டும். 1973-74இல் வருமான வரியின் உச்ச விகிதம் 97.75 விழுக்காடாக இருந்தது. நூறு ரூபாயில் இரண்டே கால் ரூபாய் மட்டும் மிஞ்சும் என்றால், மனிதன் வருமானத்தை மறைக்கவே முற்படுவான். அளவு மீறிய வரியும் நீதியாகாது.

அமெரிக்கச் செல்வர் கூறிய உண்மை

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. உலகப் பெருஞ்செல்வர்களுள் ஒருவரான அமெரிக்காவின் வாரன் பஃபெட், 2011 ஆகஸ்டில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். தம் வருமானத்தில் 17.4 விழுக்காட்டை வரியாகச் செலுத்தியதாகவும், தம் அலுவலகத்தில் பணிபுரிவோர் சராசரியாக 36 விழுக்காடு செலுத்தியதாகவும் அதில் அவரே வெளிப்படையாகக் கூறினார். காரணம் எளிது. உழைத்துப் பெறும் ஊதியத்திற்கு வரி அதிகம். பங்குகளில் இட்ட பணம் வளர்ந்து தரும் ஆதாயத்திற்கு வரி குறைவு.

நம் நாட்டிலும் அதே வேறுபாடு உண்டு. ஊதியத்திற்கு உச்ச விகிதம் 30 விழுக்காடு. பங்குச் சந்தைப் பங்குகளை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்ற ஆதாயத்திற்கு 2024 ஜூலை முதல் 12.5 விழுக்காடு. வியர்வை சிந்திய காசுக்கு ஒரு விகிதம், உறங்கும்போதே வளர்ந்த காசுக்கு வேறொரு விகிதம் என்றால், நீதியின் தராசு எப்பக்கம் சாய்கிறது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

மழை நீரும் இறைத்த நீரும்

யாரிடம் கேட்பது, எவ்வளவு கேட்பது என்பதற்கு நம் மார்க்கம் ஓர் அழகிய இலக்கணம் வகுத்துள்ளது. ஜகாத் ஏழையின் நுகர்வைத் தொடுவதில்லை. குடியிருக்கும் வீடும், தொழில் செய்யும் கருவியும், ஏறிச் செல்லும் வாகனமும் அதற்கு உட்படா. 87.48 கிராம் தங்கம் அல்லது 612.36 கிராம் வெள்ளி எனும் நிஸாபை எட்டிய செல்வம் ஓராண்டு நிலைத்தால், நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 2.5 விழுக்காடு. விகிதம் சிறிது, ஆனால் அது விழும் இடம் குவிந்த செல்வம்!

விளைச்சலுக்கான உஷ்ரில் நுட்பம் இன்னும் மிகுதி. வானமழையால் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று. உழைத்து நீர் இறைத்து விளைவித்ததற்கு இருபதில் ஒன்று. பாடுபட்டவனுக்குச் சுமை பாதி! செலவையும் உழைப்பையும் கருதி வரி விதிக்கும் நெறியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்றே கற்பித்துவிட்டார்கள்.

இங்கே மாந்தோப்பு உடைய சகோதரர்கட்கு ஒரு சொல். வேளாண் வருமானத்திற்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை. 2025 கோடையில் பெங்களூரா விலை வீழ்ந்து கலங்கிய சிறு விவசாயிக்கும், பரந்த தோப்புகளின் உரிமையாளருக்கும் ஒரே விலக்கு. பெரிய நிலக்காரர்களுக்கு வரி விதிக்க கே.என். ராஜ் குழு 1972இல் அளித்த பரிந்துரை முழுமையாக நடைமுறைக்கு வரவே இல்லை. ஆனால் அரசு விலக்களித்ததால் அல்லாஹ்வின் கணக்கிலும் விலக்கு என எண்ணலாமா? ஹனஃபி மத்ஹபின்படி மாங்கனிக்கும் உஷ்ர் உண்டு. ஷாஃபி மத்ஹபில் சேமித்து உண்ணும் தானியங்களுக்கும், பேரீச்சை, திராட்சைக்குமே உண்டு. தத்தம் மத்ஹபை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்து நடப்பீராக!

நம் பங்குக் கணக்கு

அரசிடம் நீதி கேட்கும் நாம், நம் கணக்கை நேராக வைத்திருக்கிறோமா?

வணிகச் சகோதரர்களே! வாடிக்கையாளரிடம் வாங்கிய ஜி.எஸ்.டி. உங்கள் இலாபம் அன்று. அது உங்கள் கையிலுள்ள அமானிதம். ஏழையிடம் வாங்கிய வரியை அரசுக்குச் செலுத்தாமல் வைத்துக்கொள்வது இரட்டைக் குற்றம்.

ஓசூர் ஆலைகளில் ஒப்பந்தத்தில் பணிபுரியும் இளைஞர்களே! சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். வருங்கால வைப்பு நிதிக்கு உங்களிடம் பெரும்பாலும் 12 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. அது உங்கள் கணக்கில் சேர்கிறதா? நிறுவனத்தின் பங்கும் சேர்கிறதா? வருமான வரி பிடிக்கப்பட்டிருந்து, நீங்கள் வரி கட்டவேண்டிய அளவுக்கு ஈட்டவில்லையெனில், கணக்குத் தாக்கல் செய்தால் அப்பணம் திரும்பக் கிடைக்கும். கேளாதிருந்தால் இழப்பு உங்களுக்கே.

தாய்மார்களே! ஏழைக் குடும்பத்தைச் சரிப்பது விலைவாசி மட்டுமன்று. ஒருநாள் திருமண விருந்துக்காகவும், கைக்கூலிக்காகவும் வாங்கும் வட்டிக் கடன் பல ஆண்டு உழைப்பை விழுங்கிவிடுகிறது. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழகத்தில் 2003இலேயே சட்டம் வந்தது. ஆயினும் வாங்குவோர் உள்ளவரை கொடுப்போரும் இருப்பர். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி திருமறை விரிவாகக் கட்டளையிடுகிறது. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் போதும், எழுதத் தொடங்குங்கள்.

மஹல்லாப் பெரியோர்களே! பள்ளிவாசலின் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடனுக்கென ஒரு பகுதியை ஒதுக்குங்கள். மாங்கூழ் வேலை ஓயும் மாதங்களில் அடுப்பெரியாத வீடுகளைக் கணக்கெடுங்கள். உரியவரைத் தேடிச் செல்லும் ஜகாத்தே பயன் தரும்.

ஆகவே அன்பர்களே! இனி யாரேனும் "ஏழை வரி கட்டுவதில்லை" என்றால், அந்த 299 ரூபாய்க் கணக்கை அவர்முன் போட்டுக் காட்டுங்கள். இருப்பவரிடம் அளவறிந்து கேட்பதே வரி நீதி என்று எடுத்துரையுங்கள். அதற்கு முன், நம்மிடம் இருப்பதில் பிறர்க்குரிய பங்கு எவ்வளவு என்பதை இவ்வாரமே எண்ணிப் பார்ப்போம். செல்வத்தை எங்கிருந்து ஈட்டினாய், எவ்வழியில் செலவிட்டாய் என்று மறுமையில் கேட்கப்படும் நாள் உண்டு. அன்று விடை கூறும் ஆற்றலை வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.