இளங்கொடி விழுவதற்குள்

"இளங்கொடி விழட்டும், அப்புறம் கன்னுக்குட்டியைப் பாலுக்கு விடலாம்." மாடு ஈன்ற வீடுகளில் இன்றும் காதில் விழும் பேச்சு இது. இளங்கொடி என்கிற அந்த நஞ்சுக்கொடி விழ எட்டு, பத்து மணி நேரம்கூட ஆகலாம். விழுந்ததைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவதால் யாருக்கும் நட்டமில்லை. காத்திருப்பதில்தான் நட்டம்.

மனிதக் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே கருவிலேயே வந்துவிடும். மாட்டுக்கு அந்த வழி கிடையாது. தாய் ரத்தத்துக்கும் கன்றின் ரத்தத்துக்கும் நடுவே ஆறு அடுக்குத் திசு. எதிர்ப்பொருள் போன்ற பெரிய மூலக்கூறு அதைத் தாண்டாது. ஆகவே கன்று ஏறக்குறைய வெறுங்கையோடுதான் பிறக்கிறது. தாய் அதன் பங்கை மடியில் வைத்திருக்கிறது: மஞ்சளாக, பிசுபிசுவென்று வரும் சீம்பால்.

வேறு எந்தப் புரதத்தையும் போல சீம்பாலில் வரும் எதிர்ப்பொருளும் வயிற்றில் செரித்துப்போக வேண்டியதுதானே? போவதில்லை. பிறந்த புதிதில் கன்றின் குடல் எதிர்ப்பொருளை உடைக்காமல் முழுசாகவே ரத்தத்துக்குள் விடுகிறது. ஆனால் மணிக்கு மணி அந்தக் கதவு சாத்திக்கொண்டே வரும். 24 மணி நேரத்தில் அடைந்துவிடும். 30 கிலோ கன்றுக்கு முதல் நாளில் 3 லிட்டராவது வேண்டும், அதுவும் முதல் தவணை ஓரிரு மணி நேரத்துக்குள். வெல்லமும் ஏலக்காயும் போட்டு நாம் சாப்பிடுவது மிச்சத்தில் இருக்கட்டும்.

இந்தச் சொத்தும் சில மாதங்களில் கரையும். அப்போதுதான் மூச்சுக்குழாயைத் தாக்கும் வைரஸ்களுக்குக் கொண்டாட்டம். அவற்றில் ஒன்றான மாட்டு ஆர்.எஸ்.வி., கைக்குழந்தைகளுக்கு மூச்சிழுப்பு வரவைக்கும் ஆர்.எஸ்.வி.க்கு நெருங்கிய உறவு. 1970-இல் சுவிட்சர்லாந்தில் கண்டறியப்பட்டது. முன்கூட்டியே தடுப்பூசி போட்டால் என்ன? இங்கேதான் வேடிக்கை. ஊசியில் போவது எதிரியா மருந்தா என்று தாய் தந்த எதிர்ப்பொருளுக்குத் தெரியாது. அதை மடக்கிவிடும், கன்றின் சொந்தப் படை பாடம் படிக்காமலே போகும்.

அதனால் மேலை நாட்டுப் பண்ணைகளில் பக்கவாசலைப் பிடித்தார்கள்: மூக்கு. வீரியம் குறைத்த உயிர் வைரஸை நாசியில் பீய்ச்சுகிறார்கள். ஈரமான அந்தச் சவ்வில் தாயின் காவல் மெல்லிசு. வைரஸ் அங்கே கொஞ்சம் பெருகும். கன்று தானே ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்பொருளைச் சளியில் சுரந்து, எதிரி நுழையும் இடத்திலேயே காவல் வைக்கும். பிறந்து ஒன்றிரண்டு வாரத்திலேயே இதைச் செய்யலாம். இந்தக் காவல் நெடுநாள் நிற்காது. அதனால் சில மாதம் கழித்து, தாயின் பங்கு வடிந்த பிறகு, ஊசி போடுகிறார்கள். அதற்குள் கன்றுக்குப் பாதிப் பாடம் தெரிந்திருக்கும்.