செம்புள்ளிக் குறிகாட்டி

கைத்துப்பாக்கி ஏந்தியவன் குறி பார்க்கும்பொழுது அவன் கண் எங்கே நிலைத்திருக்க வேண்டும்? இலக்கின்மீது என்றே எவரும் விடை கூறுவர். ஆனால் துப்பாக்கிப் பயிற்சியாளர்கள் நெடுங்காலமாகக் கற்பித்து வந்தது வேறு. இலக்கு மங்கினாலும் மங்கட்டும். குழல்முனையில் உள்ள சிறு முளையையே கூர்ந்து நோக்குக என்பதே அவர்கள் பாடம்.

இதற்குக் காரணம் கண்ணின் இயல்பே ஆகும். துப்பாக்கியின் பின்புறத்தில் ஒரு பிளவு, முன்புறத்தில் ஒரு முளை, அப்பால் இலக்கு. இம்மூன்றும் வெவ்வேறு தொலைவில் உள்ளவை. கண்ணோ ஒரு நேரத்தில் ஒரு தொலைவில் உள்ளதையே தெளிவாகக் காணும். பிளவுக்கும் முளைக்கும் இடையே 15 சென்டிமீட்டர் தொலைவு எனக் கொள்வோம். முளை 1 மில்லிமீட்டர் விலகினால், 25 மீட்டருக்கு அப்பால் குண்டு 16 சென்டிமீட்டருக்கு மேல் விலகிவிடும். ஆகவேதான் முளை முதன்மை பெற்றது. வெள்ளெழுத்து வந்தவர்க்கோ அம்முளையும் மங்கிவிடும்.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்கும் வழியை டப்ளின் நகரத் தொலைநோக்கி வல்லுநர் ஹோவர்டு கிரப் 1900ஆம் ஆண்டிலேயே கண்டார். குழிந்த ஆடியின் குவியத்தில் ஓர் ஒளிப்புள்ளியை வைத்தால், ஆடியில் பட்டுத் திரும்பும் கதிர்கள் இணைகதிர்களாகச் செல்லும். அவை வெகு தொலைவிலிருந்து வருவனபோல் கண்ணுக்குத் தோன்றும். எனவே புள்ளியும் இலக்கும் ஒருங்கே தெளிவுறும். 1918இல் செருமானியப் போர் விமானங்களில் இக்கருவி இடம்பெற்றது. 1975இல் சுவீடன் நாட்டு எய்ம்பாயிண்ட் நிறுவனம் மின்கலத்தால் ஒளிரும் செம்புள்ளியை விற்பனைக்குக் கொணர்ந்தது. நாளடைவில் கருவி சிறுத்துக் கைத்துப்பாக்கியின்மேல் அமரும் அளவாயிற்று. அமெரிக்கத் தரைப்படை 2017இல் தேர்ந்தெடுத்த எம்17 கைத்துப்பாக்கி, இக்கருவியைப் பொருத்துவதற்கு ஏற்ப அமைந்ததே.

எனினும், பழைய முறையில் தேர்ந்தவர் புதியதற்கு மாறும்பொழுது முதலில் தடுமாறுவர். துப்பாக்கியை உயர்த்தியதும் புள்ளியைக் காணார். சிறு கண்ணாடிக்குள் அதனைத் தேடுவர். குற்றம் கருவியில் இல்லை. மணிக்கட்டு சற்றே சாய்ந்திருக்கும். பழைய முளை அச்சாய்வை ஓரளவு காட்டிக் கொடுத்துத் திருத்த உதவும்; புள்ளியோ மறைந்தே போகும். குண்டில்லாத துப்பாக்கியை முறையாகப் பிடித்து, இலக்கைப் பார்த்தவாறே மீண்டும் மீண்டும் உயர்த்திப் பழகுவதே இதற்கு மருந்து.

மற்றொன்று, புள்ளி ஓயாது ஆடுவது. கை புதிதாக நடுங்கவில்லை. முன்பு தெரியாத நடுக்கம் இப்பொழுது தெரிகிறது, அவ்வளவே. புள்ளி நடுவில் வந்த கணத்தைப் பிடிக்க எண்ணி விசையை வெடுக்கென இழுப்பவர் குறி தவறுவர். ஆட்டத்தைப் பொறுத்துக்கொண்டு விசையை மெல்ல அழுத்துவோரே வெல்வர்.

கருவிக்கும் குறைகள் உண்டு. மின்கலம் தீரும், மழைத்துளியும் தூசியும் கண்ணாடியை மறைக்கும், சிதறற்பார்வை உடையவர்க்குப் புள்ளி சிதறிய விண்மீன்போல் தோன்றும். ஆதலின் பழைய பிளவையும் முளையையும் துணையாக வைத்துக்கொள்வார் பலர்.

இம்மாற்றத்தின் பெரும்பயன் காவலர் கையில் விளங்கும். கண் முளைமீது இருந்தால், எதிரில் நிற்பவன் உருவம் மங்கும். கண் அவன்மீது இருந்தால், அவன் கையில் உள்ளது கத்தியா, கைப்பேசியா என்று காண இயலும். ஓர் உயிர் அந்த வேறுபாட்டில் தங்கியிருக்கக்கூடும். ஆனால் புள்ளி, குண்டு செல்லும் இடத்தைத்தான் காட்டும். சுடலாமா, கூடாதா என்பதைக் காட்டும் கருவி இதுவரை பிறக்கவில்லை; அது மனிதனின் அறிவைச் சார்ந்ததே.